காத்திருப்பவர் எங்கே உட்காருவார்?

மாமியார் உட்கார்ந்திருந்த அந்தப் பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் என் நடை தானாகவே குறைந்துவிடுகிறது. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் என்ற தீம் பார்க்கின் எகிப்துப் பகுதியில், மம்மி சவாரியின் வாசலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது அது. 2017 டிசம்பர், பள்ளி விடுமுறை நேரம். "இங்கேயே இருங்கள் அத்தை, பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு நானும் கணவரும் கொழுந்தனாரும் உள்ளே போனோம். வெளியே வர எழுபது நிமிடம் ஆனது. அத்தை கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, நாங்கள் நுழைந்த வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டில் எங்களிடம் இருந்தது. கழிவறைக்குப் போக வேண்டியிருந்தும், நகர்ந்தால் எங்களைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அவர் எழுந்திருக்கவே இல்லை. "நன்றாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று நாங்கள் ஏறாத பெரிய சவாரி எதுவும் மிச்சமில்லை. நேரக் கணக்குப்படி அது வெற்றிகரமான நாள். வீட்டுக்கு வந்து அத்தையின் கால் வீக்கத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சிங்கப்பூரில் குடியிருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் தேக்கா என்கிற லிட்டில் இந்தியா, மெரினா பே, விலங்குத் தோட்டம், யுனிவர்சல் என்ற நான்கும் கட்டாயம். பதினான்கு ஆண்டுகளாக ஹவ்காங்கில் இருக்கிறேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் யாராவது வருவார்கள், யாரையாவது அழைத்துப் போவேன். அந்தப் பெஞ்சுக்குப் பிறகு நான் திட்டம் போடும் முறையே மாறிவிட்டது. எந்தச் சவாரிக்கு முதலில் ஓடுவது, எப்படி வரிசையைத் தாண்டுவது என்றுதான் இணையத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான், பின்னால் சொல்கிறேன். ஆனால் என் தாளில் முதலில் எழுதுவது வேறு. யார் காத்திருக்கப் போகிறார்கள், எங்கே, யாருடன், அப்போது அவர்கள் கையில் என்ன இருக்கும்? தீம் பார்க்கில் ஒரு முழு நாளைக் கழித்தால், சவாரியில் இருக்கும் நேரம் எல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. மீதி அத்தனையும் நடையும் நிற்பதும்தான். அந்த நிற்கும் நேரத்தைத் திட்டமிடாவிட்டால் நாம் எதையுமே திட்டமிடவில்லை என்றுதான் பொருள்.

கடந்த மே மாதம் அம்மாவும் அக்கா குடும்பமும் தஞ்சாவூரிலிருந்து வந்தார்கள். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் வலி, சர்க்கரையும் உண்டு. அக்கா, அத்தான், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன். என்னையும் சேர்த்து ஆறு பேர். இந்த முறை போட்ட திட்டம் எனக்கே நிறைவாக இருந்தது. அடுத்து யாராவது கேட்டால் அனுப்ப வசதியாக இருக்கும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் மே மாதம் முழுவதும் விடுமுறை. சிங்கப்பூரில் பள்ளிகள் மே கடைசி வரை நடக்கும், ஜூன் மாதம்தான் விடுமுறை. ஆக, மே இரண்டாம் மூன்றாம் வாரத்தின் வேலை நாள் ஒன்றைப் பிடித்தால் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி. விசாக தினப் பொது விடுமுறை அந்தப் பக்கம் வரும், அதைத் தவிர்க்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அம்மா அசைவம் தொடமாட்டார். பூங்காவுக்குள் சைவம் கிடைக்கும், ஆனால் தேடி அலைய வேண்டும். பசித்த வயிற்றோடு அம்மாவை அலைய விட எனக்கு மனமில்லை. எனவே வியாழன் என்று முடிவு செய்தேன். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் நாளுக்கு நாள் மாறும், ஆகவே பூங்காவின் நாள்காட்டியைப் பார்த்த பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. விமானம் வந்திறங்கிய மறுநாளே போகாதீர்கள். திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் தூங்காமல் வந்தவர்களை மறுநாள் காலையில் வெயிலில் நிறுத்துவது கொடுமை. முதல் நாள் வீடு, இரண்டாம் நாள் தேக்கா, மூன்றாம் நாள்தான் யுனிவர்சல். கால்கள் இந்த ஊரின் ஈரப்பதத்துக்குக் கொஞ்சம் பழகியிருக்கும்.

புதன் இரவு, அக்கா மகனைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கவைத்து அளந்தேன். செருப்பில்லாமல், குதிகால் தரையில் படிய, தலைமேல் ஒரு புத்தகத்தைப் படுக்கைவசமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 123 சென்டிமீட்டர். மம்மி சவாரிக்குக் குறைந்தது 122 வேண்டும். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 வேண்டும். மம்மி உண்டு, ரோலர் கோஸ்டர் இல்லை. அவனிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

அவன் முகம் சுருங்கியது. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அந்தச் சிவப்பு, நீல ரோலர் கோஸ்டரின் காணொளிகளை எத்தனையோ முறை பார்த்திருந்தான். "இரண்டு சென்டிமீட்டர்தானே சித்தி, ஷூ போட்டால் வந்துவிடும்" என்றான். வராது, வந்தாலும் கூடாது என்று சொன்னேன். அந்த அளவு அவனுடைய உடலை அழுத்திப் பிடிக்கும் கம்பிக்காக வைத்தது, உடல் சின்னதாக இருந்தால் பிடி சரியாக அமையாது என்று படம் வரைந்து காட்டினேன். அழுதான். அரை மணி நேரம் அழுதுவிட்டு அம்மாச்சி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, அளவுகோல் வைத்திருக்கும் ஊழியர் கையை அசைத்து "இல்லை" என்று சொல்ல, பின்னால் நிற்கும் அத்தனை பேர் முன்னால் அழுவதைவிட, வீட்டில் அம்மாச்சி மடியில் அழுவது எவ்வளவோ மேல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. பிள்ளைகளோடு போகிற எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வீட்டிலேயே அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102, ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கு 107. இந்த நான்கு எண்கள் தெரிந்தால் பெரும்பாலான கண்ணீரைத் தடுத்துவிடலாம்.

காலையில் வீட்டிலேயே இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வயிறு நிறைய. வெளி உணவைப் பூங்காவுக்குள் அனுமதிக்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு போகலாம், கழிவறைகளை ஒட்டிக் குடிநீர்க் குழாய்கள் உண்டு, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அம்மாவின் மாத்திரைகளும் ஒரு சின்ன பிஸ்கட் பொட்டலமும் என் கைப்பையில். ஹவ்காங்கிலிருந்து ஊதா நிற வழித்தடத்தில் ஏறினால் ரயில் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் வரை போகலாம். ரயிலில் தமிழ் அறிவிப்பு கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "நம் பாஷையில் சொல்கிறார்கள்!" என்று அத்தானிடம் சொன்னதை அக்கா கைப்பேசியில் பதிவு செய்துவிட்டாள். அங்கே விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்திலிருந்து, பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் கிளம்புகிறது. தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட வேண்டும். கடலோரப் பாலத்தில் நடந்தால் காசு மிச்சம்தான். ஆனால் அந்த நாளின் முதல் நடையை அம்மாவின் முழங்கால் அதற்குச் செலவிட வேண்டாம் என்று நினைத்தேன். பெரியவர்களின் காலில் அன்றைக்கு இவ்வளவுதான் நடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாசலுக்கு வெளியே தீர்த்துவிடக் கூடாது.

வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அங்கேதான் அன்றைய முதல் சண்டை. "நான் என்ன நோயாளியா? ஊரிலிருந்து நடந்துதானே வந்தேன்" என்றார் அம்மா. குரல் உயர்ந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். வற்புறுத்தினால் அன்றைய நாள் அதோடு கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். "சரி, நீங்கள் உட்கார வேண்டாம். பைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வாருங்கள்" என்றேன். அம்மா சம்மதித்தார். நான்கு பையையும் நாற்காலியில் அடுக்கி, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நடந்தார். பிடித்து நடக்க ஒரு பிடிமானம் இருந்ததால் முழங்காலில் பாரம் குறைந்தது. மதியம் உணவு முடிந்த பிறகு, யாரும் சொல்லாமலே, பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் பேசாமல் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினேன். அத்தானும் பிள்ளைகளும்கூட எதுவும் சொல்லவில்லை. அன்று நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் அது.

இனி எந்தச் சவாரி முதலில் என்ற கேள்வி. பூங்கா ஓர் ஏரியைச் சுற்றி வட்டமாக அமைந்தது. நுழைந்ததும் ஹாலிவுட் தெரு. வலப்பக்கம் திரும்பினால் நியூயார்க், அறிவியல் புனைவு நகரம், எகிப்து, ஜுராசிக் பார்க் இருக்கும் காட்டுப் பகுதி, கோட்டை நிற்கும் ஃபார் ஃபார் அவே, கடைசியாக, மினியன் என்ற மஞ்சள் நிறக் கார்ட்டூன் பொம்மைகளுக்காக 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் என்று சுற்றி வாசலுக்கே வந்துவிடலாம். கதவு திறந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு ஓடும், மறு பாதி மினியன்களிடம் ஓடும். நான் இரண்டுக்கும் போவதில்லை.

காரணம் வானம். இந்த ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் காலையில் வெயில் அடித்துவிட்டு, பிற்பகலில் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்வது வழக்கம். அக்டோபர், நவம்பரிலும் அப்படித்தான். மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். எப்போது மீண்டும் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, மினியன் சவாரி மூன்றும் கூரைக்குள் இருப்பவை. இடி இடித்தாலும் ஓடும். மழை வந்தால் பாதிக் கூட்டம் வீடு திரும்பிவிடும் என்பதால், சில நாள்களில் மழைக்குப் பின் வரிசை குறைந்தும் விடும். ஆகவே காலையில் திறந்தவெளி, பிற்பகலில் கூரை. இது ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்ட பிறகு என் விருந்தினர் யாரும் ரோலர் கோஸ்டரைப் பார்த்துவிட்டு மட்டும் ஊர் திரும்பியதில்லை.

அடுத்தது இணைப்பு. ஒவ்வொரு பெரிய சவாரிக்கும் அருகிலேயே ஒரு மெதுவான சவாரியை ஜோடி சேர்த்துத் தாளில் எழுதிக்கொள்வேன். சிலர் இங்கே ஏறும்போது மற்றவர்கள் அங்கே ஏறுவார்கள். யாரும் வெறுமனே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பேட்டில்ஸ்டாருக்கு ஜோடி, எகிப்துப் பகுதியில் இருக்கும் டிரஷர் ஹன்டர்ஸ். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு ஜோடி, நியூயார்க் தெருவின் செசமி ஸ்ட்ரீட் சவாரி. குளிரூட்டிய இடத்தில் உட்கார்ந்தபடியே போய் வரலாம், முழங்காலுக்கும் தலைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

அத்தானும் அக்கா மகளும் பேட்டில்ஸ்டாருக்குப் போனார்கள். அதில் இரண்டு தண்டவாளங்கள், இரண்டு வண்டிகள். சிவப்பில் இருக்கையில் உட்கார்ந்து போகலாம். நீலத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்கும், தலைகீழாகவும் திருப்பும். ஒன்றையொன்று மோதப் போவதுபோல் வந்து விலகிப் போகும். 2013 முதல் 2015 வரை மூடிவைத்து, இருக்கைகளை மாற்றிய பிறகுதான் மீண்டும் திறந்தார்கள். ஒரு சாவிக்கொத்துகூடச் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. பக்கத்திலேயே பெட்டகங்கள் உண்டு, குறிப்பிட்ட நேரம் வரை கட்டணம் கிடையாது. இதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வீட்டுப் பெரியவரைப் பைகளுக்குக் காவலாக வைக்காதீர்கள். "அம்மா இருக்கிறார்கள், பையைக் கொடுத்துவிட்டு வா" என்பது நம் எல்லோர் வாயிலும் வருகிறது. அந்த ஒரு சொல்லால் அவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாமல் போய்விடுகிறது. பை பெட்டகத்துக்குப் போகட்டும், அம்மா எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

அதே நேரத்தில் அம்மா, பேரன், நான் மூவரும் டிரஷர் ஹன்டர்ஸில் இருந்தோம். அந்தக் காலத்து ஜீப் மாதிரி ஒரு சின்ன வண்டி. கைவிட்ட அகழாய்வுக் குழிகளுக்கும் இடிந்த சிலைகளுக்கும் நடுவே தடத்தில் தானாக ஓடும். சக்கரத்தைத் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. அம்மா வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. பேரன் அவரைச் சக்கரத்துக்கு முன்னால் உட்காரவைத்தான். வளைவு வரும்போதெல்லாம் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முழு மூச்சாகத் திருப்பினார். "அம்மாச்சி, இடது பக்கம், இடது பக்கம்!" என்று அவன் கத்தினான். அது தானாகத்தான் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும். கடைசிவரை அவன் அதைச் சொல்லவே இல்லை. முதல் நாள் இரவு அழுத பிள்ளை அது. வண்டி நின்றதும் அம்மா வளையலைச் சரிசெய்துகொண்டு, "இடிக்காமல் கொண்டுவந்துவிட்டேன் பார்" என்றார். அவன் "ஆமாம்" என்றான்.

மம்மி வாசலில் ஊழியர் அளவுகோலை வைத்தார். பையன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தேறிவிட்டான். இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் அது. ஓரிடத்தில் நின்று, எதிர்பாராமல் பின்னோக்கி இழுக்கும். நானும் அவனும் மட்டும்தான் ஏறினோம். வெளியே வந்தபோது அவன் கை ஐஸ்போல் இருந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

மதிய உணவை 11:15-க்கே முடித்துவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும், பன்னிரண்டரைக்குத் தட்டை வைத்துக்கொண்டு இடம் தேடி நிற்க வேண்டியிருக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு அந்த அரைமணி நேரத் தாமதம் சாதாரண விஷயம் இல்லை. காலையில் ஏழரைக்குச் சாப்பிட்டவருக்குப் பதினொன்றேகால் சரியான நேரமும்கூட. அம்மாவுக்குச் சோறும் கோழியும், பிள்ளைகளுக்குப் பீட்சா. ருசியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்து, குளிர்ந்த காற்றில், நிதானமாகச் சாப்பிட்டோம் என்பதே போதும்.

பன்னிரண்டரைக்கு ஜுராசிக் பார்க் படகு. வட்டப் படகில் ஆற்றோடு போய், இருட்டுக்குள் மேலே ஏற்றி, சட்டென்று கீழே விடும். நனையாமல் வருவது நடக்காத காரியம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், மாலை வரை காயாது. ஈர உடையோடு குளிரூட்டிய அரங்குக்குள் போனால் பிள்ளைகளுக்கு அன்று இரவே இருமல் வரும். தலைக்கு ஒரு சட்டையும் ஒரு மெல்லிய துண்டும் நாற்காலியின் கீழே வைத்திருந்தேன். நம் ஊர்த் துண்டு இதற்கென்றே நெய்ததுபோல் இருக்கிறது. மடித்தால் கைக்குள் அடங்கும், தலையைத் துவட்டலாம், வெயிலில் போர்த்திக்கொள்ளலாம், பெஞ்சு ஈரமாக இருந்தால் விரித்து உட்காரலாம்.

அவர்கள் நனைந்துகொண்டிருந்தபோது நான் அம்மாவை வாட்டர்வேர்ல்டு காட்சிக்கு முன்கூட்டியே அழைத்துப் போய் இடம்பிடித்துவிட்டேன். காட்சி நேரங்களை அன்று காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்குச் சில முறைதான். முன்வரிசைகள் நனையும் இருக்கைகள், நிறம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நாங்கள் பின்வரிசை. சண்டை, நெருப்பு, படகுகள் பாய்வது, கடைசியில் ஒரு விமானமே உள்ளே வந்து விழுவது என்று அம்மா கண் கொட்டாமல் பார்த்தார். ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பார்ப்பது அந்தப் பூங்காவில் அரிது. வயதானவர்களோடு போனால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டரை மணிக்கு வானம் கறுத்தது. நாங்கள் நியூயார்க் தெருவில் லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன் அரங்குக்குள் நுழையும்போது முதல் இடி. உள்ளே பெரும் சூறாவளி ஒன்று நியூயார்க் படகுத்துறையைத் தாக்குவதுபோல் செய்து காட்டுவார்கள். கூரை ஆடும், தண்ணீர் பொங்கும், நெருப்புப் பிடிக்கும். அது முடிந்து வெளியே வந்தால் உண்மையான மழை கொட்டிக்கொண்டிருந்தது. "உள்ளே பெய்ததா, வெளியே பெய்கிறதா?" என்று அம்மா கேட்டார். பேட்டில்ஸ்டார் வண்டிகள் நின்றுவிட்டன. குடை பிடித்தபடி அதன் வாசலில் ஏமாந்து நின்றவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதில் ஒரு குடும்பம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. காத்திருக்காமல் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குப் போகும்படி அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மழை நேரத்தில்தான் அக்கா மகளுக்குத் தனி ஆள் வரிசையைக் காட்டினேன். வண்டியில் ஓர் இடம் காலியானால் அதை நிரப்ப ஒரு தனி ஆளை அழைப்பார்கள், அதற்கென்று வேறு வரிசை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற சில சவாரிகளில் உண்டு. பொது வரிசை ஐம்பது நிமிடம் என்று பலகை காட்டியபோது அவள் பதினைந்து நிமிடத்தில் போய் வந்தாள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருத்தம், சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்கு வேறொரு வசதி உண்டு. ஒருவர் குழந்தையோடு காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் ஆள் மாற்றிக்கொள்ளலாம், மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஊழியரிடம் கேட்டால்தான் சொல்வார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வழியில் போக விடும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாளுக்கு நாள் விலை மாறும். நெரிசலான நாளில் நுழைவுக் கட்டணத்துக்கு நிகராக வந்துவிடும். ஜூன், டிசம்பரில் வருகிறீர்கள், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வாங்குங்கள். மே மாத வியாழக்கிழமைக்குத் தேவையில்லை. அந்தக் காசில் எங்கள் ஆறு பேருக்கும் தேக்காவில் இரண்டு வேளை சாப்பாடு ஆயிற்று.

பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்பதைக் காலையிலேயே பேசி வைத்திருந்தோம். ஹாலிவுட் தெருவில் பழைய கார்கள் நிற்கும் உணவகத்தின் வாசல். அம்மாவின் கைப்பேசியில் இந்த ஊர் சிம் கிடையாது. ஆகவே என் எண்ணையும் அந்த உணவகத்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி அவர் கைப்பையில் வைத்தேன். தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் சீட்டு இருந்ததால்தான் அம்மா இரண்டு முறை தனியாகக் கழிவறைக்குப் போய் வந்தார்.

மழை விட்டபோது மணி நான்கரை. கடைசியாக மினியன் லேண்ட். அங்கே ஒரு சுற்று ராட்டினம் இருக்கிறது, மினியன் பொம்மை வண்டிகள் பாட்டுக்கு ஆடியபடி சுற்றும். பிள்ளைகளுக்கானது என்று நான் தாளில் அதை எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எனக்கு இதில் ஏற வேண்டும்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் தானாக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் ராட்டினம் போடுவார்களாம், தாத்தா காசு கொடுத்து ஒரு சுற்று ஏற்றிவிடுவாராம். திருமணத்துக்குப் பிறகு ஏறியதே இல்லையாம். எனக்கு இது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

ஏறினார். ஒரு பக்கம் பேரன், மறுபக்கம் பேத்தி. நானும் அக்காவும் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது அம்மா கையை உயர்த்தினார். அதன் பிறகு தாளில் மீதியிருந்த இரண்டு சவாரிகளை அடித்துவிட்டு, அதே ராட்டினத்தில் இன்னொரு சுற்று போகச் சொன்னேன்.

ஜனவரியில் மாமியார் மீண்டும் வருகிறார். ஊருக்குப் போன வாரத்திலேயே அம்மா அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியிருக்கிறார். "சம்பந்தி, அந்த ராட்டினத்தில் வெளிவட்டத்து வண்டியில் ஏறுங்கள், கால் வைக்க அதுதான் தோது. நாற்காலி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம்" என்றாராம். அத்தை அதைக் குறித்து வைத்துக்கொண்டதாக என்னிடம் சொன்னார்.